இரண்டு வார்த்தை பேசப் போனேன்

ஐம்பத்தொன்பது வயது வரை நான் ஒரு மேடை நாடகத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. அதை ஒரு குறையாக என்றைக்கும் நினைத்ததுமில்லை. நாடகம் பார்க்காததால் எவருக்கும் காய்ச்சல் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. மண்டபத்தில் மின்விசிறி ஒரு பக்கம் சுற்றும், மற்றப் பக்கம் சுற்றாது. முன்னால் இருப்பவரின் தலை பெரிதாக இருக்கும். மேடையில் நிற்கிற புருஷன் பக்கத்தில் நிற்கிற பெண்சாதியோடு, அவள் அக்கரையில் நிற்கிறாள் என்பதுபோலக் கத்துவான். இதையெல்லாம் அறியப் போய்ப் பார்க்கவா வேண்டும்? வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் என் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே எனக்கு அவ்வளவும் தெரிந்திருந்தது.

நான் அரச திணைக்களம் ஒன்றில் முப்பத்துமூன்று வருடம் வேலை செய்து, பிரதம இலிகிதராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, ஓய்வு பெற்றவன். கூட்டங்களுக்கு நிகழ்ச்சிநிரல் எழுதுவதும், பேச எழும்பினவர் இழுத்துக்கொண்டு போனால் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டி இருத்துவதும் என் வேலையில் அடக்கம். அமைச்சின் செயலாளரையே ஒருமுறை அப்படி இருத்தியிருக்கிறேன். ஆகவே மேடை, ஒலிவாங்கி, பூமாலை என்பவற்றில் எனக்கு எப்போதும் ஓர் இளக்காரம் உண்டு. அந்த இளக்காரத்தை நான் மறைத்ததும் கிடையாது.

என் மனைவி கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். அங்கேயே ஒரு பாடசாலையில் இருபத்தெட்டு வருடம் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தாள். வருடா வருடம் பரிசளிப்பு விழாவுக்குப் பிள்ளைகளின் நாடகம் அவள் பொறுப்பு. அவளே எழுதுவாள், பழக்குவாள், அட்டையில் முயற்காது வெட்டுவாள். விழா அன்று திரையின் ஓரத்தில் கொப்பியோடு நின்று, வசனம் மறந்த முயல்களுக்கும் ராசாக்களுக்கும் மெல்லச் சொல்லிக் கொடுப்பாள். அந்த இருபத்தெட்டு விழாவில் ஒன்றுக்கும் நான் போகவில்லை. அலுவலகத்தில் வேலை இருந்தது என்று இப்போதும் சொல்லலாம். இருக்கவில்லை.

அவள் ஓய்வு பெற்று ஒரு வருடம் வீட்டில் இருந்தாள். அதற்குப் பிறகு, அவளோடு ஒன்றாகப் படித்த சிநேகிதி ஒருத்தி வந்து, கொட்டாஞ்சேனையில் தங்களுடைய கலை மன்றம் ஒரு நாடகம் போடுவதாகவும், அதில் ஒரு பாத்திரத்துக்கு ஆள் தேவை என்றும் சொன்னாள். நான் சாய்மனையில் பத்திரிகைக்குப் பின்னால் இருந்து சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. "நான் வாறன்" என்றாள். என்னைக் கேட்கவுமில்லை.

வெள்ளவத்தைக்காரனுக்குக் கொட்டாஞ்சேனையில் கல்யாண வீட்டையும் செத்த வீட்டையும் தவிர வேறு அலுவல் கிடையாது. அங்கே கிழமைக்கு மூன்று நாள், புறக்கோட்டையில் பஸ் மாறி, அவள் ஒத்திகைக்குப் போனாள். மூன்று மாதம் போனாள். பின்னேரத் தேத்தண்ணீரை நானே போட்டுக் குடிக்க நேர்ந்தது. சீனி எந்தப் போத்தலில் இருக்கிறது என்று அந்த வயதில்தான் நான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தது உப்பு.

நாடகம் துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் ஒருவனின் குடும்பத்தைப் பற்றியது. என் மனைவிக்கு அதில் ஒரே ஒரு காட்சி. பக்கத்து வீட்டுப் பெண். அவளுடைய புருஷன் கப்பலில் வேலைக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அவள் அவனுடைய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதனோடு பேச வேண்டும். ஒன்பது நிமிடம். மேடையில் வேறு ஒருவரும் இல்லை.

"ஒன்பது நிமிசம் சட்டையோட கதைக்க என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"ஆளோட கதைக்கிறதைவிடச் சுகம்" என்றாள்.

என் பழைய நீலக்கோடு போட்ட சட்டை ஒன்றைக் கேட்காமலே அலுமாரியில் இருந்து எடுத்துப் போய்விட்டாள். உயிரோடு இருக்கிற மனிதனின் சட்டையைக் கொண்டுபோய்ச் செத்தவன் சட்டையாகக் காட்டுவது என்ன சாத்திரம் என்று சத்தம் போட்டேன். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே அவள் வசனம் சொல்லிப் பார்ப்பாள். துருவல் சத்தம் நிற்கும், குரல் எழும்பும், இறங்கும், பிறகு துருவல் சத்தம் தொடங்கும். நான் ரி.வி.யின் சத்தத்தைக் கூட்டிவிடுவேன். அவள் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அழைப்பிதழ் வந்த அன்று அவள் என் முன்னால் வந்து இருந்தாள்.

"இஞ்சருங்கோ, நான் உங்களிட்ட ஒண்டும் கேக்கிறதில்லை. இதுக்கு வாங்கோ."

"எனக்கு ஏன் இந்தக் கூத்து?"

"எத்தினை வருசமா மற்றப் பிள்ளையளை மேடையில ஏத்திப் போட்டு ஓரத்தில நிண்டனான். ஒருக்கா நான் ஏறுறன். ஒருக்காத்தான். கதாநாயகனா நடிக்கிறவர் மற்றக் கிழமை கட்டாருக்கு வேலைக்குப் போறார். இன்னொரு நாள் போடமாட்டினம்." அழைப்பிதழை என் மடியில் வைத்து, "மூண்டாம் வரிசையில நடுவில இருங்கோ. சனத்தைப் பாத்தாப் பயம் வரும், ஒரு முகத்தைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ எண்டு டிரெக்டர் சொன்னவர். நான் உங்களைப் பாத்துக் கதைக்கிறன்" என்றாள்.

அப்படிக் கேட்டால் வேறென்ன செய்வது? வருகிறேன் என்றேன். ஆனால் அந்தக் கிழமை முழுவதும், பல்லுப் பிடுங்கத் திகதி கொடுக்கப்பட்டவன்போலத்தான் திரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. அழைப்பிதழில் மாலை நான்கு முப்பது என்று அச்சடித்திருந்தார்கள். நான் நான்கு பதினைந்துக்குப் போய் மூன்றாம் வரிசையில் நடுக்கதிரையில் இருந்தேன். மண்டபத்தில் என்னையும், நிலம் கூட்டுகிற ஒருவரையும் தவிர ஆளில்லை. வாசலில் தொங்கிய பதாகையில் விருந்தினர்களின் படங்கள் தாம்பாளம் அளவில் இருந்தன. நாடகத்தின் பெயர் அதற்குக் கீழே. நடிக்கிறவர்களின் பெயர்களைப் படிக்க நான் மூக்குக்கண்ணாடி போட வேண்டியிருந்தது. என் மனைவியின் பெயர் கடைசியில், அச்சகத்தின் பெயருக்கு ஒரு விரல் மேலே.

மேடையில் மூடிய திரைக்கு முன்னால் ஏழு கதிரைகள். ஒவ்வொன்றுக்கும் வெள்ளைச் சட்டை போட்டு, முதுகில் ஊதா நாடா கட்டி, கல்யாண மாப்பிள்ளைபோல் வைத்திருந்தார்கள். நாடகத்துக்கு ஏழு கதிரை எதற்கு என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. அது பேச வருகிறவர்களுக்கு.

மண்டபத்தின் பராமரிப்பாளர் ஒரு சிங்களவர். அவர் டிரெக்டரைத் தேடி வந்து, எனக்கு முன்னால் வைத்தே, "மல்லி, அட்டட்ட லைட் ஓஃப் கரனவா" என்றார். எட்டு மணிக்கு விளக்குகளை அணைத்துவிடுவாராம். அடுத்த நாள் காலையில் அங்கே கல்யாணம், சோடனைக்காரர்கள் எட்டு மணிக்கு வந்து நிற்பார்கள். டிரெக்டர் தாடி வைத்த ஒரு பொடியன், முப்பது வயது இருக்கும். சிங்களத்திலேயே கெஞ்சிப் பார்த்தான். எட்டு என்றால் எட்டு என்று அவர் போய்விட்டார். பொடியன் என்னைப் பார்த்து, "நாடகம் ஒரு மணித்தியாலமும் பத்து நிமிசமும் சார். ஆறு அம்பதுக்குத் தொடங்கினாலும் பிடிச்சிடலாம்" என்றான். "நாலரைக்குத் தொடங்கிற விழாவில ஆறு அம்பது வரைக்கும் என்ன செய்யப் போறீங்கள் தம்பி?" என்று கேட்டேன். அவன் ஏழு கதிரைகளையும் காட்டினான்.

பிரதம விருந்தினர் ஐந்து இருபதுக்கு வந்தார். அவர் வரும் வரை விளக்கேற்றக்கூடாதாம். வந்ததும் ஏற்றினார்கள். மின்விசிறிக் காற்றில் திரி அணைந்தது. மின்விசிறியை நிறுத்தினார்கள். ஒருவர் ஒரு திரியை ஏற்றி, மெழுகுதிரியை அடுத்தவரிடம் கொடுக்க, அவர் படப்பிடிப்பாளரைப் பார்த்துச் சிரித்து, பிறகு ஏற்றி, அடுத்தவரிடம் கொடுத்தார். ஐந்து திரிக்குப் பதினொரு நிமிடம் ஆனது. பிறகு மின்விசிறியைத் திரும்பப் போட மறந்துபோனார்கள்.

ஆசியுரை மாத்திரம் மூன்று. பிறகு வரவேற்புரை. அது முடிய, தலைமையுரை. வரவேற்புரையில் சொன்னதையெல்லாம் தலைமையுரையில் ஒருக்கால் திருப்பிச் சொன்னார்கள், கேட்காமல் விட்டவர்களுக்காக இருக்கும். இயல் இசை நாடகம் என்று ஒருவர் விரல் மடித்து எண்ணினார். அடுத்தவர் வந்து அதே மூன்றையும் மறுபடி எண்ணினார். எண்ணிக்கை மாறவில்லை. நாடகம் வாழ்க்கையின் கண்ணாடி என்றார் ஒருவர். பின்வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. அன்றைக்கு அந்த மண்டபத்தில் கேட்ட முதல் உண்மையான குரல் அதுதான் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் எனக்குப் பெரிய திருப்தி. பக்கத்தில் இருந்த, முகத்துவாரத்தில் இருந்து வந்த பெண்மணியிடம், "அம்மா, இவையள் நாடகக்காரரைக் கொன்று போட்டுத்தான் இறங்குவினம் போல" என்றேன். கதாநாயகன் அவவுடைய தம்பியாம். "எங்கட தம்பி காலையில இருந்து சாப்பிடல்ல சேர், பயத்தில" என்றா.

பொன்னாடை போர்த்தும் கட்டம் வந்தபோது மன்றத் தலைவர் மேடையில் இருந்து இறங்கி, பட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு என் வரிசைக்கு வந்தார். குனிந்து என் காதில் கதைத்தார்.

"ஐயா, ஒரு உதவி. பொரளையில இருந்து வரவேண்டிய டொக்டர் வரேல்லை. ஒரு கதிரை வெறுமையாக் கிடக்கு. வீடியோவில வடிவில்லாமல் இருக்கும். சபைக்கும் சரியில்லை. ஐயா வந்து அதில இருந்தாக் காணும்."

"நானோ? எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஐயா அரசாங்கத்தில பெரிய உத்தியோகம் பாத்தவர். எங்கட நடிகையின்ர கணவர். வேற என்ன வேணும்?"

நான் மறுத்தேன். மறுத்தேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் நான் வேண்டாம் என்று சொல்லும்போதே எழும்பிவிட்டிருந்தேன். நல்ல காலமாக இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேன் என்ற நினைவும் அப்போது வந்தது.

மேடையில் டொக்டரின் பெயர் எழுதிய அட்டையை ஒரு பிள்ளை ஓடிவந்து மறுபக்கம் திருப்பி வைத்தது. நான் இருந்தேன். கீழே சனம் தெரிந்தது. மூன்றாம் வரிசை நடுவில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. அறிவிப்பாளர், "எமது அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும் முன்னாள் பிரதிப் பணிப்பாளர் அவர்கள்" என்றார். யாரைச் சொல்கிறார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான். பிரதம இலிகிதர் என்று திருத்தியிருக்கலாம். சபையின் நடுவில் திருத்துவது பண்பல்ல என்று விட்டுவிட்டேன். தோளில் பொன்னாடை விழுந்தது. மஞ்சள், சரிகைக்கரை, பலசரக்குக் கடைப் பையைவிடக் கொஞ்சம் மெல்லியது. ஆனால் கைதட்டல் நல்லாக இருந்தது. கைதட்டல் இவ்வளவு நல்லாக இருக்கும் என்று எனக்கு அதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

"ஐயா இரண்டு வார்த்தை பேசுவார்" என்றார் அறிவிப்பாளர்.

ஒலிவாங்கிக்கு நடந்து போகும்போது மணிக்கூட்டைப் பார்த்தேன். பழக்கதோஷம். ஆறு முப்பத்தேழு. ஆறு ஐம்பதுக்கு நாடகம் தொடங்க வேண்டும். இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த மண்டபத்தில் டிரெக்டருக்கு அடுத்தபடியாக நேரக்கணக்கைச் சரியாக அறிந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

"பேசுவதற்கு நான் தகுதியானவன் அல்லன்" என்று தொடங்கினேன். அன்று நான் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான். பிறகு, அலுவலகத்துக் கூட்டங்களில் நீளமாகப் பேசுகிறவர்களை நான் எப்படி இருத்துவேன் என்று ஒரு பகிடி சொன்னேன். சபை சிரித்தது. அந்தச் சிரிப்போடு நான் கெட்டேன். முப்பத்துமூன்று வருடம் மற்றவர்களின் பேச்சைக் குறிப்பெடுத்தவனின் வாய் திறந்தால் இலேசில் மூடுமா? இன்னொரு பகிடி சொன்னேன். அமைச்சின் செயலாளரை இருத்தின கதையைச் சொன்னேன். கையெழுத்தைப் போட்டுவிட்டு வேலை செய்வதாக நாடகமாடும் உத்தியோகத்தர்களை அறிவேன், மேடை நாடகத்தை இன்றுதான் அறிகிறேன் என்றேன். பிரதம விருந்தினர் தலையை ஆட்டிச் சிரித்தார். இயல் இசை நாடகம் என்று நானும் எண்ணினேன். கண்ணாடி என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

இடையில் அறிவிப்பாளர் ஒரு துண்டுக் கடதாசியை என் முன்னால் வைத்தார். 'நேரம்' என்று எழுதியிருந்தது. அதைக் கைவிரலால் ஓரத்துக்குத் தள்ளினேன். எனக்கே நேரம் காட்டுகிறானா என்று ஒரு கோபம் வேறு. எனக்குப் பின்னால் திரை அசைந்தது. மறுபக்கத்தில் யாரோ கதிரை நகர்த்தினார்கள்.

அதோடு இறங்கியிருந்தால்கூட மன்னிக்கலாம். நான் மனைவியிடம் வந்தேன். "இன்று உங்கள் முன் நடிக்கவிருக்கும் என் துணைவியாரின் கலைப் பயணத்தில், அன்றிலிருந்து இன்றுவரை ஓரத்தில் நின்று ஊக்கம் கொடுத்தவன் என்ற ஒரு பெருமை மாத்திரமே எனக்குண்டு" என்றேன். எங்கிருந்து வந்தது இந்த வசனம்? நான் யோசித்து வைத்ததல்ல. வாயில் வந்தது, சொன்னேன். சொல்லும்போது அது உண்மை மாதிரியே இருந்தது. ஒத்திகைக்கு அவள் போன நாட்களில் வீட்டுப் பொறுப்பை நானே சுமந்ததாகவும் சொன்னேன். சபை நீளமாகக் கை தட்டியது. முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தா.

நான் வந்து இருந்தபோது ஆறு ஐம்பத்தைந்து. இரண்டு வார்த்தைக்குப் பதினெட்டு நிமிடம். நன்றியுரையை மன்றச் செயலாளர் ஒரே மூச்சில் முடித்தார். கதிரைகளை இழுத்தார்கள். விருந்தினர்களான எங்களை முன்வரிசைச் சோபாவில் இருத்தினார்கள். ஏழு மணிக்குத் திரை விலகியது.

கதாநாயகன் உண்மையாகவே துறைமுகத்தில் வேலை செய்தவன் என்பது அவன் மூட்டையைத் தூக்கின விதத்தில் தெரிந்தது. மற்றவர்கள் கத்தினார்கள், நான் எதிர்பார்த்தபடியே. ஒரு போலீஸ்காரனின் மீசை ஒரு பக்கம் கழன்றது. ஆனால் கதாநாயகன் மூட்டையை இறக்கிவிட்டு, முதுகை நிமிர்த்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. நானும் அசையவில்லை. அதைப் பற்றி எனக்கு ஏளனமாகச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, தேடியும் பார்த்தேன்.

"உங்கட வைஃப் எந்தப் பாகம்?" என்று பிரதம விருந்தினர் கேட்டார்.

"இனி வருவா. தனிக் காட்சி. ஒன்பது நிமிசம்" என்றேன். அந்த ஒன்பதை நான் பெருமையோடு சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

பக்கத்து வீட்டின் கதவு மேடையின் வலப்பக்கத்தில் இருந்தது. பச்சை வர்ணம் அடித்த மட்டைக் கதவு. ஒவ்வொரு முறை விளக்கு அணைந்து எரியும்போதும் நான் அதைப் பார்த்தேன். சோபாவில் இருந்து பார்த்தால் அவளுக்கு என் முகம் தெரியுமா என்று கொஞ்சம் நிமிர்ந்து இருந்தேன். கதாநாயகனுடைய தாய் செத்தாள். அவன் பக்கத்து வீட்டைப் பார்த்து, "அந்த அக்கா இனிச் சட்டையோட கதைக்க மாட்டா" என்றான். எந்த அக்கா, எப்போது கதைத்தா என்று சபைக்கு விளங்கவில்லை. எனக்கும் உடனே விளங்கவில்லை. காட்சிகளை இடம் மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். பிறகு எல்லாரும் வரிசையாக வந்து நின்று கும்பிட்டார்கள். வரிசையின் கடைசியில் என் மனைவி நின்றாள். முகத்தில் மா பூசி, கண்ணுக்கு மை இட்டு, தலைமயிரில் நரை தடவி. கையில் சட்டை இல்லை. நான் கை தட்டினேன். பக்கத்தில் பிரதம விருந்தினரும் தட்டினார். எட்டுக்கு ஒரு நிமிடம் இருந்தது.

வெளியே ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. தாடிப் பொடியன் என்னைக் கண்டதும் வயர் சுற்றப் போய்விட்டான். மனைவியின் சிநேகிதி, "சரி, கவனமாப் போங்கோ" என்று அவளுக்கு மட்டும் சொன்னாள். நாங்கள் முச்சக்கரவண்டி பிடித்தோம். அவள் முகத்தைக் கழுவவில்லை. மடியில் பை.

புறக்கோட்டை தாண்டும் வரை பொறுத்தேன். பிறகு தொடங்கினேன். இவன் எல்லாம் ஒரு டிரெக்டரா? மூன்று மாதம் ஒருத்தியை அலைய வைத்து, மா பூசி நிறுத்தி, கடைசியில் காட்சியையே வெட்டுகிறதா? தாடி வைத்தால் காணுமா, மூளை வேண்டாமா? மீசை ஒட்டத் தெரியாதவனுக்கு நாடகம் என்ன கேடு? மன்றத் தலைவர் என்ன, அவருடைய பட்டு வேட்டி என்ன, இந்தக் கொட்டாஞ்சேனைக் கூட்டத்தோடு சேர வேண்டாம் என்று நான் அப்போதே சொன்னேனா இல்லையா?

"ஆர் வெட்டச் சொன்னது? ஆளைச் சொல்லும். நான் நாளைக்கே கதைக்கிறன்."

"நான்தான்" என்றாள்.

வண்டிக்காரன் எதையோ முந்தினான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பத்து நிமிசம் குறைக்க வேணும், எந்தக் காட்சியை விடுறது எண்டு டிரெக்டர் கேட்டவர். ஒருத்தரும் என்னைப் பாக்கேல்லை. எல்லாரும் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவை. உங்கட பேச்சு அப்பதான் முடிஞ்சது. அதுதான் நானே சொன்னனான், என்ர மனுசன் எடுத்த நேரம், என்ர காட்சியை விடுங்கோ எண்டு."

அவள் அழவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. நாளைக்குப் பாண் வாங்க வேண்டும் என்பதைப்போலச் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன், அதில் எனக்கு நல்ல பழக்கம்.

"உள்ளுக்குக் கேட்டதோ, நான் கதைச்சது?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. வேறு என்னவெல்லாமோ கேட்டிருக்கலாம்.

"கேட்டது. திரைக்குப் பின்னால ஒரு முழத்தில நிண்டனான்." அவள் பையை மடியில் சரியாக வைத்தாள். "நீங்கள் ஊக்கம் குடுத்தது எண்டு சொன்ன இடத்தில எல்லாரும் கை தட்டினவை. உள்ளுக்கு நிண்ட பிள்ளையளும் தட்டிப்போட்டு என்னைப் பாத்தவை. நானும் தட்டினனான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அன்று நான் பேசியதே போதும் என்றாள்.